"டிரேயில் மட்டும் போகும் முயல்" என்று விற்கிறார்கள், கவனம்!

இரண்டு மாதக் குட்டியைக் காட்டி, "பழக்கின முயல் சார், மூத்திரம், புழுக்கை எல்லாம் டிரேயில் மட்டும்தான் போகும்" என்று சொல்லிக் கூடுதல் விலை கேட்கும் கடைகள் உண்டு. நம்பாதீர்கள். அந்த வயதில் பழகியது நிலைக்காது. மூன்றரை முதல் ஆறு மாதத்துக்குள் முயல் பருவத்துக்கு வந்துவிடும். பிறகு ஆணோ பெண்ணோ, சோபா, மெத்தை என்று மூத்திரம் விட்டுத் தன் இடத்தைக் குறிக்க ஆரம்பிக்கும். கடையில் போய்க் கேட்டால், "நீங்கதான் கெடுத்துட்டீங்க" என்று சொல்லி ஒரு பயிற்சி ஸ்ப்ரேயைத் தலையில் கட்டுவார்கள். ஹார்மோன் செய்யும் வேலையை ஸ்ப்ரே நிறுத்தாது. கருத்தடை அறுவை செய்யவேண்டும். அதற்குப் பிறகும் பழக்கம் அடங்கச் சில வாரம் ஆகும்.

கூடவே கொடுக்கும் முக்கோண டிரேயும் வீண் செலவு. முயல் மூலைக்குப் பின்பக்கம் காட்டி, வாலைத் தூக்கித்தான் போகும். விளிம்பு தாழ்வாக இருந்தால் அத்தனையும் வெளியே விழும். டிரேக்குள்ளேயே உட்கார்ந்திருக்கும், தரை நனைந்திருக்கும். முயல் படுத்துத் திரும்பும் அளவுக்கு, சுமார் இரண்டடி நீள பிளாஸ்டிக் டப் வாங்குங்கள். ஏறி இறங்க ஒரு பக்கத்தை மட்டும் மூன்று நான்கு அங்குல உயரத்துக்கு வெட்டி, முனையைத் தேய்த்துவிடுங்கள். அடியில் காகித உருண்டை, ஒரு ஓரத்தில் உலர்புல். தின்றுகொண்டே போவது முயலின் இயல்பு, புல் இருக்கும் இடத்தைத்தான் அது தேடும். ஈரம் பட்டால் கட்டியாகும் பூனை மணலை விற்றால் வாங்காதீர்கள், தின்றால் குடலை அடைத்துவிடும். வெளியே போன இடத்தை வெள்ளை வினிகரால் துடையுங்கள். மூத்திரத்தின் சுண்ணாம்புக் கறையும் வாடையும் போகும். அதற்கு முன் மூத்திரத்தை ஒற்றியெடுத்த தாளை டப்பிலேயே போட்டுவையுங்கள், அந்த வாடைக்கு முயல் அங்கே போகும்.

ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்த முயல் திடீரென்று மாறினால் அது நோயாக இருக்கலாம். சொட்டுச் சொட்டாகப் போவது, முக்குவது, பின்பக்கம் எப்போதும் ஈரமாக இருப்பது, மாவு கரைத்ததுபோல் கெட்டியாக வருவது எல்லாம் சிறுநீர்ப்பைக் கல் அல்லது தொற்றாக இருக்கலாம். சிவப்பாக வந்தால் மட்டும் பதறவேண்டாம், தீவன நிறமியாலும் அப்படி வரும். ரத்தமா என்று பரிசோதித்தால் தெரியும்.

இங்கேதான் பெரிய ஆபத்து. முயலுக்கு வைத்தியம் பார்த்துப் பழக்கமில்லாத இடத்தில் நாய்க்குக் கொடுக்கும் அமாக்சிசிலின் என்ற ஆன்டிபயாடிக் சொட்டையே கொடுத்துவிடுகிறார்கள். வாய்வழி கொடுத்தால் குடலின் நல்ல பாக்டீரியா செத்து, கழிச்சல் கண்டு முயல் இறந்தே போகலாம். மருந்துச் சீட்டில் அந்தப் பெயரோ பென்சிலினோ இருந்தால், ஒரு சொட்டு கொடுப்பதற்கு முன் முயல் வைத்தியம் தெரிந்த டாக்டரிடம் காட்டிக் கேளுங்கள்.