ஜி.எச். கான்ட்ராக்டா, பக்கத்துத் தெரு நர்சிங் ஹோமா?

எங்கள் பாம்பன், மண்டபம் பக்கத்தில் ஆஸ்பத்திரி வார்டு வேலைக்குப் போக நினைக்கிற பெண்கள் எல்லாரும் கேட்பது ஒன்றுதான்: "அக்கா, ஜி.எச்.ல கான்ட்ராக்ட்ல சேரவா, இல்ல பக்கத்துல இருக்குற நர்சிங் ஹோமுக்கே போகவா?" நான் இரண்டிலும் மாப் பிடித்தவள். முதலில் ஒரு தனியார் நர்சிங் ஹோம், அப்புறம் கான்ட்ராக்டர் வழியாக ஓர் அரசு மருத்துவமனை, அதாவது ஜி.எச். அதனால் கையில் வரும் தொகையை மட்டும் வைத்து இதை முடிவு பண்ணாதீர்கள் என்று அடித்துச் சொல்வேன்.

நர்சிங் ஹோமில் நல்லது என்றால் தூரம். நடந்தே போகலாம், பஸ் காசு மிச்சம், பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் ஓடி வந்துவிடலாம். சம்பளமும் 5ஆம் தேதிக்குள் கவரில் ரொக்கமாக வந்துவிடும். ஆனால் வேலைக்கு எல்லையே கிடையாது. தரை துடைத்து, பெட்பேன் எடுத்து, ரத்தச் சாம்பிளை லேபில் கொடுத்துவிட்டு வந்தால் டாக்டர் வீட்டுப் பாத்திரமும் காத்திருக்கும். 12 மணி நேரம் நின்றாலும் ஓவர்டைம் என்ற பேச்சே எழாது. இ.எஸ்.ஐ. என்கிற தொழிலாளர் மருத்துவக் காப்பீடு பற்றிக் கேட்டதற்கு "இங்க 9 பேர்தானம்மா" என்றார்கள். 10 பேர் இருந்தால்தான் இ.எஸ்.ஐ., 20 பேர் இருந்தால்தான் பி.எஃப். என்கிற வருங்கால வைப்பு நிதி கட்டாயம் என்பது அப்போது எனக்குத் தெரியாது.

அங்கே ஒருநாள் குப்பைக் கவரை இறுக்கிக் கட்டும்போது உள்ளே கிடந்த ஊசி கையுறையைத் தாண்டிக் கட்டைவிரலில் ஏறிவிட்டது. பக்கத்தில் நின்றவர் "ரத்தத்தைப் பிதுக்கி விடு" என்றார், நானும் பிதுக்கினேன். அது தப்பு. பிதுக்காமல் ஓடுகிற தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு உடனே டாக்டரிடம் சொல்ல வேண்டும். எச்.ஐ.வி. தடுப்பு மாத்திரை தேவைப்பட்டால் சில மணி நேரத்துக்குள், கடைசிக்கு 72 மணி நேரத்துக்குள் தொடங்கி, 28 நாள் சாப்பிட வேண்டும். ஊசியை, குத்தினாலும் துளை விழாத வெள்ளை டப்பாவில்தான் போட வேண்டும், கழிவைத் தொடுகிற எல்லாருக்கும் ஹெபடைடிஸ் பி தடுப்பூசி போட வேண்டும் என்று 2016 மருத்துவக் கழிவு விதிகளே சொல்கின்றன. எனக்கு ஒரு டோஸ்கூடப் போடவில்லை. ரத்தப் பரிசோதனை ரிசல்ட் வரும்வரை பிள்ளைக்குச் சோறு ஊட்டவே பயந்துகொண்டிருந்தேன்.

கான்ட்ராக்டில் அந்த விஷயம் பரவாயில்லை. மஞ்சள், சிவப்பு, நீலம், வெள்ளை என்று தொட்டி தனித்தனி, 3 டோஸ் தடுப்பூசியும் போட்டார்கள். 8 மணி நேர ஷிப்ட். ஆனால் சம்பளம் தேதிக்கு வராது. கேட்டால் "பில் பாஸ் ஆகலம்மா" என்பார் சூப்பர்வைசர். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், போட்டெல்லாம் கரையில் கிடக்கும், என் சம்பளத்தில்தான் அடுப்பு எரியணும். அந்த மே மாதம் சம்பளம் 20 நாள் தள்ளிப்போய் என் தோடு அடகுக் கடைக்குப் போனது. கான்ட்ராக்டர் சம்பளம் தராவிட்டால் வேலை வாங்குகிற ஆஸ்பத்திரி நிர்வாகம்தான் கொடுத்தாக வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. அது தெரிந்திருந்தால் நாங்கள் நாலு பேர் சேர்ந்து மனு எழுதிக் கொடுத்திருப்போம்.

பிடித்தம் போவதைப் பார்த்து நிறையப் பேர் தயங்குகிறார்கள். கணக்கைப் பாருங்கள். 10,000 ரூபாய்ச் சம்பளம் என்றால் இ.எஸ்.ஐ.க்கு உங்கள் பங்கு 75 ரூபாய், முதலாளி போடுவது 325. பி.எஃப்.க்கு நீங்கள் 1,200 போட்டால் அவர்களும் 1,200 போடணும். வேலையில் அடிபட்டால் இ.எஸ்.ஐ.யில் முதல் நாளிலிருந்தே 90 சதவீதக் கூலி உண்டு. பிரசவத்துக்கு 26 வாரம், முழுக் கூலியோடு. கவரில் வருகிற ரொக்கத்தில் இதெல்லாம் கிடையாது. ஆனால் பிடித்த பணத்தைக் கட்டுகிறார்களா என்று மத்திய அரசின் உமங் செயலியில் மாதாமாதம் பார்த்துக்கொள்ளணும். டெண்டர் மாறிப் புது கான்ட்ராக்டர் வந்தால் புது யு.ஏ.என். போட விடாதீர்கள், அது வேலை மாறினாலும் மாறாத பி.எஃப். அடையாள நம்பர், பழையதையே கொடுங்கள். 10 வருஷச் சேவை சேர்ந்தால்தான் பென்ஷன்.

மதுரைப் பெரிய ஆஸ்பத்திரிகளுக்கு ஹாஸ்டலில் தங்கிப் போகிறவர்களும் உண்டு. கல்யாணமாகாத பிள்ளைகளுக்குச் சரிவரும், குடும்பக்காரிக்குக் கஷ்டம்.

என் முடிவு கான்ட்ராக்ட்தான், சம்பளம் தாமதமானாலும். கைக்குழந்தை இருந்து, பக்கத்து நர்சிங் ஹோமில் இ.எஸ்.ஐ.யும் பிடிக்கிறார்கள் என்றால் மட்டும் அங்கே போங்கள், தடுப்பூசியை முதல் நாளே கேட்டு வாங்குங்கள். போன மாதம் கேட்ட பக்கத்து வீட்டுத் தங்கச்சி காலை ஷிப்டில் சேர்ந்துவிட்டாள். பி.எஃப். பதிவில் அவள் பெயரில் ஒரு எழுத்து ஆதாரோடு ஒத்துப்போகவில்லை. பிற்பாடு பணம் எடுக்கும்போது அலைய வேண்டாமே என்று, வருகிற திங்கள்கிழமை அதைத் திருத்த அவளோடு நானும் போகிறேன்.