போஸ்ட்மார்ட்டம்: சட்டம் கேட்பதும் குடும்பம் சம்மதிப்பதும்

விபத்து, தற்கொலை, விஷம், சந்தேக மரணம் என்றால் போலீஸ் பிரேத விசாரணை நடத்தி உடலைப் போஸ்ட்மார்ட்டத்துக்காக ஜி.ஹெச்.சுக்கு அனுப்பும். முன்பு இதற்கான பிரிவு குற்றவியல் நடைமுறைச் சட்டம் 174. 2024 ஜூலை முதல் அதற்குப் பதிலாக வந்த பி.என்.எஸ்.எஸ். (பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா) 194. இங்கே உறவினர் சம்மதம் தேவையில்லை. திருமணமாகி 7 ஆண்டுக்குள் ஒரு பெண் தற்கொலை செய்துகொண்டால் ஆர்.டி.ஓ. (வருவாய்க் கோட்டாட்சியர்) விசாரணையும் உண்டு.

சித்தப்பா பைக்கில் விழுந்து இறந்த அன்று, மார்ச்சுவரி வாசல் வேப்பமரத்தடியில், வாங்கி வந்த மாலை வாடும்வரை உட்கார்ந்திருந்தோம். "அவரை அறுக்க வேண்டாம்ப்பா" என்று சித்தி என் கையைப் பிடித்துக்கொண்டார். என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை. ஆனால் விபத்து இழப்பீட்டு வழக்கில் சித்திக்குக் கைகொடுத்தது அந்த அறிக்கைதான்.

இன்னொரு வகை போஸ்ட்மார்ட்டம், நோயால் இறந்தவருக்குக் காரணம் பிடிபடாதபோது டாக்டர்கள் கேட்பது. போலீஸ் கிடையாது, குடும்பம் எழுத்தில் சம்மதித்தால்தான் நடக்கும். மறுக்க முழு உரிமை உண்டு. நம்மிடம் பெரும்பாலோர் மறுத்துவிடுகிறோம். ஆனால் இளவயதில் திடீரென இதயம் நின்று இறந்தவர் என்றால், நான் சம்மதிக்கத்தான் சொல்வேன். பரம்பரை இதயக் கோளாறு தெரியவந்தால் உடன்பிறந்தவர்களையும் பிள்ளைகளையும் உடனே பரிசோதிக்கலாம்.