எட்டுச் சனிக்கிழமைகளில் அளவையியல்: ஒரு வகுப்பின் மதிப்புரை

எங்கள் ஊர் வாசகர் வட்டம் ஒன்று பெரியவர்களுக்காக நடத்திய அளவையியல் (சரியாக வாதிடும் முறையை ஆராயும் தர்க்கத் துறை) அறிமுக வகுப்பில் எட்டுச் சனிக்கிழமை மாலைகள் கலந்துகொண்டேன். வாரத்துக்கு இரண்டு மணி நேரம். கட்டணம் 1,200 ரூபாய். கணிதப் பயிற்சி தேவையில்லை என்று அறிவித்திருந்தார்கள், அது உண்மையே.

ஒரு வாதத்தில் உள்ள கூற்றுகள் மெய்யா என்பதும், அக்கூற்றுகளிலிருந்து அந்த முடிவு பிறக்கிறதா என்பதும் இருவேறு கேள்விகள் என்பதை முதல் இரண்டு வாரங்களிலேயே ஆசிரியர் எங்கள் மனத்தில் ஊன்றிவிட்டார். டெங்கு கண்டால் காய்ச்சல் வரும், இவனுக்குக் காய்ச்சல் வந்திருக்கிறது, ஆகவே இது டெங்குதான் என்ற வாதத்தில் முதல் இரண்டும் மெய்யாக இருந்தாலும் மூன்றாவது அவற்றிலிருந்து பிறப்பதில்லை. சென்ற மழைக்காலத்தில் என் மகனுக்குக் காய்ச்சல் கண்டபோது இதே வழியில் முடிவுகட்டி இரண்டு இரவுகள் உறங்காமல் தவித்தவன் என்பதால், இந்தப் பாடம் எனக்கு வெறும் பாடமாக இல்லை.

மூன்றாம் வாரத்தை மறக்க இயலாது. உளவியலாளர் பீட்டர் வேசன் 1966-இல் அறிமுகப்படுத்திய அட்டைப் புதிரை ஆசிரியர் தமிழ் எழுத்துகளால் அமைத்திருந்தார். ஒருபுறம் எழுத்தும் மறுபுறம் எண்ணும் உள்ள நான்கு அட்டைகளில் ‘அ’, ‘க’, ‘4’, ‘7’ ஆகியவை நம் கண்ணுக்குத் தெரிகின்றன. ஒருபுறம் உயிரெழுத்து இருந்தால் மறுபுறம் இரட்டைப்படை எண் இருக்க வேண்டும் என்ற விதி மீறப்பட்டிருக்கிறதா என்று அறிய எவற்றைத் திருப்ப வேண்டும்? என்னையும் சேர்த்துப் பெரும்பாலோர் ‘அ’, ‘4’ என்றோம். ‘4’-இன் பின்னால் எந்த எழுத்து இருந்தாலும் விதி மீறப்படாது. ‘7’-இன் பின்னால் உயிரெழுத்து இருந்தால்தான் மீறப்படும். ஆகவே திருப்ப வேண்டியவை ‘அ’வும் ‘7’உம். விடையை உடனே சொல்லாமல் இருபது நிமிடம் எங்களையே வாதிடவிட்ட ஆசிரியரின் பொறுமைக்கு நான் நன்றிக்கடன் பட்டவன்.

குறைகளும் உண்டு. சரிபோலத் தோன்றும் பிழையான வாதங்களான போலி வாதங்களுக்கு ஒதுக்கிய ஒரே மாலை பெயர்ப் பட்டியலாகவே கழிந்தது. அதைவிட வருத்தம் தந்தது மணிமேகலைக்குக் கிடைத்த பத்தே நிமிடம். அந்நூலின் 29-ஆம் காதையில் பௌத்தத் துறவி அறவண அடிகள் பக்கம் (நிறுவ வேண்டிய கூற்று), ஏது (காரணம்), திட்டாந்தம் (எடுத்துக்காட்டு), உபநயம் (பொருத்திக் காட்டல்), நிகமனம் (முடிவு) என்ற வாதத்தின் ஐந்து உறுப்புகளை, புகை கண்டு மலையில் நெருப்பு உண்டென உணரும் எடுத்துக்காட்டால் விளக்குகிறார். நெருப்பும் புகையும் சேர்ந்திருக்கும் இடத்துக்கு அடுக்களையையும், இரண்டும் இல்லாத இடத்துக்கு நீரையும் சான்றாக்குகிறார். ஏதுப்போலி, அதாவது பிழையான காரணம், மட்டுமே அங்கே 14 வகையாக விரிகிறது. தமிழில் நடக்கும் வகுப்பு இதற்கு ஒரு முழு மாலையாவது தந்திருக்க வேண்டும்.

அடுத்த அணிக்கு நடத்தும் வகுப்பில் அந்த மாலையைச் சேர்ப்பார்களானால், மீண்டும் கட்டணம் செலுத்தி முதல் வாரத்திலிருந்தே அமர்வேன். சேர்க்காவிட்டாலும், முதல் மூன்று வாரங்களுக்காகவே நண்பர்களை அனுப்பி வைப்பேன்.