களப்பணிக்கு முன் நான்கு நாள் பாதுகாப்புப் பயிற்சி

நிவாரணப் பணிக்குக் கிளம்புகிறவர்கள் அவசியம் போக வேண்டிய பயிற்சி. சோதனைச் சாவடி ஒத்திகையில் துப்பாக்கியோடு ஒருவர் கார் கண்ணாடியைத் தட்டினார். நடிப்புதான் என்று தெரிந்தும் எனக்குப் பேச்சு வரவில்லை. "ரெண்டு கையும் தெரியுற மாதிரி வைம்மா, எதை எடுக்கப்போறேன்னு சொல்லிட்டு எடு" என்று பயிற்சியாளர் பொறுமையாக மூன்று தடவை செய்ய வைத்தார். கை, கால் காயத்தில் ரத்தத்தை நிறுத்த இறுக்கும் பட்டையான டூர்னிகேவைக் காயத்தின் மீது அல்லாமல் அதற்குச் சற்று மேலே, உடல் பக்கமாக, மூட்டில் படாமல் கட்டி, ரத்தம் நிற்கும்வரை முறுக்கி, நேரத்தைக் குறித்து வைப்பது இப்போது கைப்பழக்கமாகிவிட்டது.

பாக்தாத் ஐ.நா. அலுவலகத்தில் 2003இல் 22 பேர் பலியான குண்டுவெடிப்பு பற்றிய பாடம் மட்டும் அவசர அவசரமாக முடிந்தது.

பெரிய குறை, ஓட்டுநர்களுக்கு இடமில்லை. உலகெங்கும் நிவாரணப் பணியில் அதிகம் உயிரிழப்பது ஓட்டுநர்கள் உட்பட உள்ளூர்ப் பணியாளர்கள்தான். வண்டியை நிறுத்துவதா திருப்புவதா என்று முடிவெடுப்பவரும் ஓட்டுநர்தானே? அடுத்த தடவை எங்கள் ஓட்டுநர் அண்ணனையும் சேர்த்தால்தான் வருவேன் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன்.