வாஷிங்டன் பதவியேற்ற தெருக்களில் ஒரு நடைச் சுற்றுலா: போகலாமா?

நியூயார்க்கின் லோயர் மன்ஹாட்டனில், அமெரிக்காவின் முதல் அதிபர் காலத்து இடங்களை மட்டும் காட்டும் நடைச் சுற்றுலாவுக்குப் போய்வந்தேன். குறையும் சொல்ல வேண்டியிருப்பதால் நிறுவனத்தின் பெயர் வேண்டாம். போகலாமா என்றால் போகலாம், ஆனால் கொடுக்கும் காசில் பாதி வழிகாட்டியின் நடிப்புக்கு என்று தெரிந்துகொண்டு போங்கள்.

ஆரம்பம் பவுலிங் கிரீன் பூங்காவில். பிரிட்டன் மன்னர் மூன்றாம் ஜார்ஜின் சிலை இருந்த இடம். 1776 ஜூலை 9-ல் கூட்டம் அதைச் சாய்த்துவிட்டது, அப்புறம் அந்தச் சிலையின் ஈயத்தை உருக்கித் துப்பாக்கிக் குண்டு வார்த்தார்கள். 1771-ல் போட்ட இரும்பு வேலி மட்டும் இன்னும் நிற்கிறது, அதன் கம்பங்களின் உச்சியில் இருந்த அலங்காரத்தை அறுத்தெடுத்த தடத்தைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார்கள். அடுத்து பேர்ல் ஸ்ட்ரீட்டில் ஃப்ரான்சஸ் டேவர்ன். பிரிட்டனோடு நடந்த விடுதலைப் போர் முடிந்து 1783 டிசம்பர் 4-ல் வாஷிங்டன் தன் அதிகாரிகளிடம் விடைபெற்ற விடுதி இது. அதே மாதம் 23-ல் அனபோலிஸ் போய்த் தளபதிப் பதவியையே திருப்பிக் கொடுத்துவிட்டார். படையைக் கையில் வைத்திருந்தவர் தானாக விலகியதால்தான் பின்னால் இந்த ஆளிடம் அதிபர் பதவியை நம்பிக் கொடுத்தார்கள் என்று வழிகாட்டி சொன்னது நல்ல விளக்கம். இப்போதுள்ள கட்டடத்தில் பெரும்பகுதி 1907-ல் முடித்த மறுகட்டுமானம் என்பதையும் மறைக்காமல் சொன்னார்.

ஃபெடரல் ஹாலில் அந்த நேர்மை இல்லை. 1789 ஏப்ரல் 30-ல் வாஷிங்டன் பதவியேற்ற கட்டடத்தை 1812-லேயே இடித்துவிட்டார்கள். இப்போது கிரேக்கத் தூண்களோடு நிற்பது 1842-ல் சுங்க அலுவலகமாகக் கட்டியது. எல்லாரும் வாஷிங்டன் சிலையோடு போட்டோ எடுத்து முடித்த பிறகுதான் இதைச் சொல்கிறார்கள். அவர் நின்ற கல் பலகை என்று ஒன்றை உள்ளே வைத்திருக்கிறார்கள், அதை விட்டுவிடாதீர்கள்.

பதவியேற்புக் கதையை வழிகாட்டி சொன்னவிதம் எனக்கு ஒட்டவில்லை. உறுதிமொழியின் கடைசியில் வாஷிங்டன் கடவுளைத் துணைக்கு அழைத்தார் என்று கையை நெஞ்சில் வைத்துக்கொண்டு சொன்னார். அன்று அவர் அப்படிச் சொன்னதற்கு அந்தக் காலத்துச் சான்று கிடையாது, அரசியல் சட்டத்தில் எழுதியிருக்கும் உறுதிமொழியிலும் அந்த வரி இல்லை, 19-ம் நூற்றாண்டின் நடுவில் பரவிய கதை. இந்த அலங்காரமெல்லாம் தேவையே இல்லை, உண்மையில் நடந்தது அதைவிட ருசியானது. மார்ச் 4-ல் கூடவேண்டிய, நாடாளுமன்றத்தின் மேலவையான செனட்டில் ஏப்ரல் 6 வரை போதிய ஆள் சேரவில்லை. உச்ச நீதிமன்றமே இன்னும் அமையாததால் நியூயார்க் மாகாணத்தின் சான்சலர், அதாவது உயர் நீதிபதி, ராபர்ட் லிவிங்ஸ்டன் உறுதிமொழி செய்துவைத்தார். பைபிள்கூட ஃப்ரீமேசன் என்ற சங்கத்தின் ஒரு கிளையிலிருந்து இரவல். பெரிய பண்ணைக்காரரான வாஷிங்டனே ஊரில் கடனை அடைக்கவும் நியூயார்க் வரவும் பணம் கடன் வாங்கித்தான் கிளம்பினார். இன்னொன்று, மாகாணங்களின் சார்பில் அதிபரைத் தேர்ந்தெடுக்க வாக்களித்த 69 தேர்வாளர்களும் அவருக்கே வாக்களித்தார்கள், ஆனால் அதில் ஒருவர்கூட நியூயார்க்காரர் இல்லை! மாகாண சட்டமன்றத்தின் இரண்டு அவைகளும் ஒத்துப்போகாமல் தேர்வாளர்களையே நியமிக்கவில்லை. அன்று நாட்டின் தலைநகராக இருந்த ஊரே ஓட்டுப் போடாத தேர்தல். அந்த ஊரிலேயே நடக்கும் சுற்றுலாவில் இதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

சரி, காசுக்கு மதிப்பான பகுதி எது? செனட் கதை. அதிபர் வெளிநாட்டு ஒப்பந்தம் செய்ய செனட்டின் ஆலோசனையும் ஒப்புதலும் வேண்டும் என்று சட்டம் சொல்கிறது, எப்படிக் கேட்க வேண்டும் என்று சொல்லவில்லை. வாஷிங்டன் நேரே செனட்டுக்கே போய்க் கேட்டுவிடலாம் என்று நினைத்தார். 1789 ஆகஸ்ட் 22, சனிக்கிழமை, தென்பகுதிப் பழங்குடிகளோடு பேசவேண்டிய ஒப்பந்தம் பற்றிய கேள்விகளோடு போர்ச் செயலர் நாக்ஸையும் கூட்டிக்கொண்டு போனார். துணை அதிபர் ஆடம்ஸ் தாளை வாசிக்க, வெளியே வண்டிகளின் இரைச்சலில் ஒன்றும் கேட்கவில்லை, ஜன்னலைச் சாத்தினார்கள். உறுப்பினர்கள் குழு போட்டு நிதானமாகப் பார்க்கலாம் என்றதும் வாஷிங்டனுக்குக் கோபம் வந்துவிட்டது. பென்சில்வேனியா செனட்டர் வில்லியம் மெக்லே இதையெல்லாம் தன் டைரியில் எழுதிவைத்ததால்தான் நமக்குத் தெரிகிறது. திங்கட்கிழமை மறுபடி வந்து வேலையை முடித்தார், அதோடு சரி, அதற்குப் பிறகு இந்தமாதிரி ஆலோசனைக்கு அவர் அங்கே போகவில்லை. ஒரு சனிக்கிழமை எரிச்சல் வழக்கமாகவே நிலைத்துவிட்டது, ஒப்பந்தத்தைப் பேசி முடித்துவிட்டு ஒப்புதலுக்கு மட்டும் அனுப்புவதுதான் பொதுவாக இன்றைக்கும் நடைமுறை. வண்டிச் சத்தம் வந்த அதே தெருவோரத்தில் நிறுத்தி வழிகாட்டி இதை நடித்தே காட்டினார். இந்த ஓர் இடத்தில் அவருடைய நடிப்புக்குக் கைதட்டினேன்.

வாஷிங்டன் இரண்டு தவணையோடு அதிபர் பதவியிலிருந்து விலகியதும் அப்படித்தான் வழக்கமானது, சட்டம் அப்போது எதுவும் சொல்லவில்லை. இரண்டு முறைக்கு மேல் தேர்ந்தெடுக்கக் கூடாது என்பது 1951-ல்தான் அரசியல் சட்டத்தில் 22-வது திருத்தமாக ஏறியது. இதை அரை நிமிடத்தில் தாண்டிவிட்டார்கள்.

கடைசி இடம் செயின்ட் பால்ஸ் சேப்பல், பதவியேற்ற அன்று பிரார்த்தனைக்குப் போன தேவாலயம். அழகான இடம், அங்கே நேரமும் தாராளமாகத் தருகிறார்கள். ஆனால் வாஷிங்டன் குடியிருந்த செர்ரி ஸ்ட்ரீட் பக்கமே போகவில்லை. வீட்டை 1856-ல் இடித்துவிட்டார்கள், புரூக்ளின் பாலத்தின் அடியில் ஒரு பலகை இருக்கிறது, அவ்வளவுதான். இருந்தாலும் அங்கே போயிருந்தால் அவருடைய பண்ணையான மவுன்ட் வெர்னனிலிருந்து அந்த வீட்டுக்குக் கொண்டுவரப்பட்ட அடிமைகளைப் பற்றியும் பேசவேண்டி வந்திருக்கும். அவர்களில் ஒருவரான ஓனா ஜட்ஜ், தலைநகர் பிலடெல்பியாவுக்கு மாறிய பிறகு 1796-ல் அதிபரின் வீட்டிலிருந்து தப்பி நியூ ஹாம்ப்ஷயர் போய்ச் சேர்ந்தார். வாஷிங்டன் எவ்வளவோ முயன்றும் திரும்பவில்லை. முதல் அதிபரைப் பற்றிய சுற்றுலாவில் இவர் பெயர் வராதது எனக்குப் பெரிய குறை.

சின்னப் பிள்ளைகளைக் கூட்டிப் போனால் பாதியில் சோர்ந்துவிடுவார்கள், உட்கார இடமே கிடையாது. ஓரளவு படித்துவிட்டுப் போகிறவர்களுக்கு இந்தச் சுற்றுலாவே தேவையில்லை. ஃபெடரல் ஹாலுக்கு நுழைவுக் கட்டணம் கிடையாது, திறந்திருக்கும் நாளை மட்டும் முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள்.