‘பழமை மாறாமல் புதுப்பித்த’ மரவீடு: முன்பணம் கட்டுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்

மலையாற்றின் கரையில், நூறாண்டு தாண்டிய மரவீடு, பழமை மாறாமல் புதுப்பித்தது என்ற விளம்பரத்தை நம்பி இரண்டு இரவுக்கான முழுத் தொகையையும் முன்கூட்டியே கட்டினோம். ஓர் இரவைக்கூட முழுதாக உள்ளே கழிக்க முடியவில்லை. பணத்தில் ஒரு காசும் திரும்பி வரவில்லை.

ஆற்றின் மேல் எந்தக் குறையும் இல்லை. வீடும் பழையதுதான். மூலைகளில் கட்டைகள் ஒன்றையொன்று கவ்வி நிற்கும் வெட்டும், பரப்பெங்கும் கோடரித் தழும்புகளும் அசல். என் ஆத்திரமே அதனால்தான். நின்ற வீட்டைப் புதுப்பிக்கிறோம் என்று கெடுத்து வைத்திருக்கிறார்கள்.

கதவைத் திறந்ததும் வாசனைத் திரவியத்தை மீறிப் பூஞ்சை நாற்றம் அடித்தது. நான் தச்சர் வீட்டில் வளர்ந்தவன். கை தானாக அடிக்கட்டைக்குப் போனது. மேலே வார்னிஷ் பளபளத்தது. கட்டைவிரலால் அழுத்தினேன், நகம் முழுதும் உள்ளே இறங்கியது. விரலில் ஒட்டி வந்தது ஈரமான பழுப்புத் தூள். கட்டைகளின் இடுக்குகளை எல்லாம் சிமெண்டால் அடைத்திருந்தார்கள். ஈரத்துக்கும் உலர்வுக்கும் ஏற்ப மரம் விரிந்து சுருங்கும். சிமெண்ட் அதனுடன் அசையாது. இரண்டுக்கும் நடுவில் மயிரிழை விரிசல் விழும், மழைநீர் இறங்கும், உலர வழியின்றி அங்கேயே தங்கும். மரத்தின் ஈரம் 20 சதவீதத்தைத் தாண்டி நீடித்தால் மரத்தை உளுக்கவைக்கும் காளான் பிடித்துக்கொள்ளக்கூடும். பழைய தச்சர்கள் களிமண்ணையும் சுண்ணாம்பையும் பாசியையும் வைத்து அடைத்தது, விரிசல் விட்டால் அந்த இடத்தை மட்டும் பெயர்த்துப் புதிதாக அடைக்கலாம் என்பதால்.

இதையாவது பொறுத்திருப்போம். இரவு விறகு அடுப்பைப் பற்ற வைத்த ஒரு மணி நேரத்தில் அம்மாவுக்குத் தலைவலி, மகளுக்குக் குமட்டல், எனக்குத் தலைசுற்றல். மூவருக்கும் ஒரே நேரத்தில் வந்ததுதான் என்னை உலுக்கியது. விறகு சரியாக எரியாதபோது வரும் நச்சுவாயுவான கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் கிடையாது, நிறமும் கிடையாது. சன்னல்களோ ஆணி அடித்து மூடியவை. அம்மாவைத் தாங்கிப் பிடித்து வெளியே அழைத்து வந்தேன். குளிர்காற்றில் சிறிது நேரம் நின்றதும் மூவருக்கும் தெளிந்தது. விடியும் வரை காரிலேயே கிடந்தோம். காலையில் புகைக்குழாயைத் தட்டிப் பார்த்தேன். கருந்தார் பொருக்குகள் கைநிறைய உதிர்ந்தன. அதைத் துப்புரவு செய்து எத்தனை காலம் ஆயிற்றோ! வீடு முழுக்கத் தேடியும் நச்சுவாயு எச்சரிக்கைக் கருவி ஒன்றுகூட இல்லை.

உரிமையாளரைத் தொலைபேசியில் அழைத்தேன். “பழைய வீடு என்றால் அப்படித்தான் இருக்கும் சார். அதுதான் ஓர் இரவு தங்கிவிட்டீர்களே” என்றார். அம்மாவின் உடல்நிலையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

இப்படிப்பட்ட வீட்டில் தங்க நினைப்பவர்கள், தரையை ஒட்டிய அடிக்கட்டையையும் கட்டை இடுக்குகளையும் கிட்டத்தில் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். புகைபோக்கியைக் கடைசியாக எப்போது துப்புரவு செய்தார்கள் என்று கேளுங்கள். நச்சுவாயு எச்சரிக்கைக் கருவி இருக்கிறது என்று சொன்னாலும், சிறியதாக ஒன்றை வாங்கிப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். பதில் சொல்லத் தயங்கினால் பணம் கட்டாதீர்கள்.

நேற்றுகூடப் பார்த்தேன். அதே படங்கள், அதே வாசகத்துடன் அந்த வீடு வாடகைக்கு இருக்கிறது. படத்தில் அடுப்பு எரிந்துகொண்டிருக்கிறது.