பெல்ட் மாத்தினதா பில் போட்டாங்க, உள்ள ஓடினது பழசுதான்

காலைல வண்டி ஸ்டார்ட் பண்ணா கீச்சுனு சத்தம், ரெண்டு நிமிஷத்துல நின்னுடும், மழை பெஞ்ச அன்னைக்கு இன்னும் அதிகமா கத்தும். 2013 மாடல் டீசல் வண்டி. வீட்டுப் பக்கத்துல இருக்குற ஒர்க்‌ஷாப்புல விட்டேன், இன்ஜின் பெல்ட் போச்சு சார், அத இழுத்துப் பிடிக்கிற டென்ஷனரும் வீக்கு, ரெண்டையும் மாத்தணும்னாங்க. சாயங்காலம் எடுக்கப் போனா சத்தமே இல்ல. 5,200 ரூபா பில்லு, கட்டிட்டு வந்துட்டேன்.

மூணு வாரம் கழிச்சு அம்மாவ கூட்டிட்டு திருச்சில இருந்து மதுரை போறேன், விராலிமலை தாண்டி துவரங்குறிச்சி வர்றதுக்கு முன்னாடி டப்புனு ஒரு சத்தம், பேட்டரி லைட் எரியுது, ஸ்டீயரிங் கல்லு மாதிரி ஆயிடுச்சு, ஏசில சூடா காத்து வருது, டெம்பரேச்சர் முள்ளு மேல ஏறுது. என் வண்டில பேட்டரிய சார்ஜ் பண்ற ஆல்டர்னேட்டர், பவர் ஸ்டீயரிங், ஏசி கம்ப்ரஸர், வாட்டர் பம்ப் நாலையும் அந்த ஒரே பெல்ட்தான் சுத்துது, அதான் அறுந்ததும் எல்லாம் ஒண்ணா படுத்துடுச்சு. உடனே ஓரங்கட்டி ஆஃப் பண்ணேன், இன்னும் கொஞ்ச தூரம் ஓட்டியிருந்தா சூட்டுல இன்ஜின் ஹெட் போயிருக்கும். எழுபது வயசு அம்மா சித்திரை வெயில்ல ரெண்டு மணி நேரம் புளியமரத்தடில உக்காந்திருந்தாங்க, எனக்கு வயிறு எரிஞ்சது அதுக்குத்தான், காசுக்கு இல்ல.

துவரங்குறிச்சில இருந்து வந்த மெக்கானிக் அண்ணன் அறுந்த பெல்ட்ட எடுத்து கைல குடுத்தாரு. "தம்பி, இதயா மூணு வாரம் முன்னாடி மாத்தினீங்க?"ன்னாரு. உள்பக்கம் நீளவாக்குல மேடா இருக்குற வரியெல்லாம் தேஞ்சு வழவழன்னு இருக்கு, முதுகுல இருக்குற எழுத்து பாதி அழிஞ்சுடுச்சு, தொட்டா பிசுபிசுன்னு ஒட்டுது. பெல்ட் ஸ்ப்ரே அடிச்சு சத்தத்த மட்டும் அடக்கியிருக்காங்க, அது கொஞ்ச நாள்தான் தாங்கும்னாரு. டென்ஷனர் போல்ட்ல மண்ணும் துருவும் அப்படியே இருக்கு, ஸ்பேனர் பட்ட தடமே இல்ல. எல்லாத்தையும் போட்டோ எடுத்துக்கிட்டேன்.

இன்னொன்னும் அவர்தான் சொன்னாரு, இப்ப வர்ற ரப்பர் முன்ன மாதிரி சீக்கிரம் வெடிப்பு விடாது, டயர் மாதிரி தேஞ்சுக்கிட்டே போகும், அதனால வெடிப்பு இல்லையே நல்லாதான் இருக்குன்னு நம்பிடாதீங்க, வரியோட ஆழத்த பாருங்கன்னு.

ஒர்க்‌ஷாப்புல போய் கேட்டா ஓனர், வேலை பாக்குற பையன் மேல பழிய போட்டாரு. பெல்ட் காச மட்டும் திருப்பிக் குடுத்தாங்க, டென்ஷனர் மாத்தினோம்னு இன்னும் சாதிக்கிறாங்க, போட்டோவ காட்டியும்.

பெல்ட் மாத்த வண்டி விடுறவங்க தயவுசெஞ்சு விடுறதுக்கு முன்னாடி பழைய பெல்ட்ட போன் டார்ச் அடிச்சு ஒரு போட்டோ எடுத்துக்கோங்க. பெல்ட் முதுகுல 6பிகே (6PK) மாதிரி ஆரம்பிச்சு ஒரு நம்பர் இருக்கும், 6-ங்கறது வரி எண்ணிக்கை, பின்னாடி வர்றது மில்லிமீட்டர்ல நீளம். புது பெல்ட்டோட கவர்ல அதே நம்பர் இருக்கான்னு பாருங்க. கழட்டின பெல்ட், டென்ஷனர் ரெண்டையும் கேட்டு வாங்கி டிக்கில போட்டுக்கிட்டு அப்புறம் காச குடுங்க.